தோலின் எந்த ஆழம் வரை? அமெரிக்காவில் எஸ்தெட்டிஷியன் உரிமம் தரும் அனுமதியும் அதன் எல்லையும்

வர்ஜீனியா மாநிலத்தில் 600 மணி நேரப் பயிற்சி முடித்துத் தேர்வில் தேறி எஸ்தெட்டிஷியன் (சருமப் பராமரிப்பாளர்) உரிமம் வாங்கிய ஒருவர், வாடிக்கையாளருக்கு ஃபேஷியல் செய்யலாம், மாஸ்க் போடலாம், வேக்சிங் செய்யலாம். ஆனால் அமிலக் கரைசலைப் பூசித் தோலின் மேற்பரப்பை உரித்தெடுக்கும் கெமிக்கல் பீலைச் செய்ய அந்த உரிமம் போதாது. அதற்கு அங்கே மேலும் 600 மணி நேரம் படித்து ‘மாஸ்டர் எஸ்தெட்டிஷியன்’ என்ற அடுத்த நிலை உரிமத்தைப் பெற வேண்டும். கலிபோர்னியாவிலும் பயிற்சிக் காலம் அதே 600 மணி நேரம்தான். ஆனால் அங்கே முதல் நிலை உரிமமே, இறந்த செல்களாலான மேல் அடுக்கை மட்டும் நீக்கும் மென்மையான பீல்களுக்கு இடம் தருகிறது. அதே சமயம் முகத்தில் பிளேடை ஓட்டி மெல்லிய ரோமத்தையும் இறந்த தோலையும் வழித்தெடுக்கும் டெர்மாபிளேனிங்கைத் தடுத்துவிடுகிறது. உரிமத்தின் பெயர் ஒன்று, பயிற்சி மணி ஒன்று, கையில் பிடிக்கும் கருவிகளும் ஏறக்குறைய ஒன்று. அனுமதி மட்டும் வேறு.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் குழம்புவது இந்த இடத்தில்தான். ‘எனக்கு லைசென்ஸ் இருக்கிறது’ என்பது ஒரு முழு விடையன்று. எந்த மாநிலத்தின் லைசென்ஸ், அது எந்தச் செயலுக்கானது, அந்தச் செயல் தோலின் எந்த அடுக்குவரை போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் ஒரு சேவையைத் தன் பட்டியலில் ஒருவர் சேர்க்க முடியும். இந்த மூன்றையும் முறையாக அறிந்துகொள்வது வேலையைக் காப்பாற்றுவது மட்டுமன்று, நம்பி வந்து படுத்திருக்கும் மனிதரின் முகத்தைக் காப்பாற்றுவதும் ஆகும் என்பதால், சற்று விரிவாகவே பார்க்கலாம்.

விதியை வகுப்பது யார்?

அமெரிக்காவில் தொழில் உரிமம் வழங்குவது மாநிலங்களின் அதிகாரம். மருத்துவர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று மேற்கு வர்ஜீனியா போட்ட சட்டம் செல்லும் என அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1889ஆம் ஆண்டு டென்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. மக்களின் உடல்நலத்தைக் காக்கும் பொறுப்பு மாநிலத்துக்கு உண்டு, ஆகவே அதற்காக ஒரு தொழிலுக்குத் தகுதி நிர்ணயிக்கும் உரிமையும் உண்டு என்பது அதன் சாரம். முடிதிருத்துவோர் முதல் சருமப் பராமரிப்பாளர் வரை எல்லாத் தொழில் உரிமங்களும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. ஆகவே நாடு முழுவதற்கும் பொதுவான எஸ்தெட்டிஷியன் உரிமம் என்று ஒன்று கிடையாது.

ஒவ்வொரு மாநிலத்திலும் இது பொதுவாக மூன்று அடுக்குகளில் அமைந்திருக்கும். முதலாவது, சட்டமன்றம் இயற்றிய சட்டம். ‘எஸ்தெட்டிக்ஸ்’ அல்லது ‘சருமப் பராமரிப்பு’ என்றால் என்ன என்று அதுதான் வரையறுக்கும். அடுத்து, காஸ்மெட்டாலஜி (அழகுக்கலை) வாரியமோ உரிமத் துறையோ அந்தச் சட்டத்தின் கீழ் வகுக்கும் விதிகள். எந்தக் கருவி கூடாது, எதை எப்படிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்ற நுணுக்கங்கள் இவற்றில் இருக்கும். மூன்றாவதாக, புதுப் புதுச் சேவைகள் சந்தைக்கு வரும்போது வாரியம் அவ்வப்போது வெளியிடும் விளக்க அறிவிப்புகள். சட்டத்தை மட்டும் படித்துவிட்டு விதிகளைப் படிக்காமல் விட்டால் பாதிதான் தெரியும். ஏனெனில் சட்டம் ‘அழகுபடுத்துதல்’ என்று ஒரே சொல்லில் முடிக்கும் இடத்தில், விதிகள் தடை செய்யப்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வைத்திருக்கும்.

பயிற்சி மணி நேரமும் மாநிலத்துக்கு மாநிலம் வெகுவாக மாறுகிறது. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 600, டெக்சாஸில் 750, ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் 1,000 மணி நேரம். ஃப்ளோரிடாவில் ‘ஃபேஷியல் ஸ்பெஷலிஸ்ட்’ என்ற பெயரில் பதிவு செய்துகொள்ள 260 மணி நேரம் தேவைப்பட்டது. 2020ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதை 220 ஆகக் குறைத்தது. கனெக்டிகட் மாநிலத்தில் 2020க்கு முன்பு எஸ்தெட்டிஷியனுக்கென்று தனி உரிமமே இருக்கவில்லை. இந்த எண்களை வைத்து ஒரு மாநிலத்தில் சேவை தரமானது, இன்னொன்றில் தரம் குறைந்தது என்று முடிவு கட்டுவது சரியாகாது. ஆனால் ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதியை இன்னொரு மாநிலம் ஏன் அப்படியே ஏற்க மறுக்கிறது என்பதற்கான காரணம் இவற்றிலேயே இருக்கிறது.

தோலின் அமைப்பும் சட்டத்தின் கோடும்

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும், எல்லா மாநிலங்களும் ஏறக்குறைய ஒரே கோட்டைச் சுற்றித்தான் நிற்கின்றன. அந்தக் கோட்டைப் புரிந்துகொண்டால், கேள்விப்படாத ஒரு புதுச் சேவை வந்தாலும் அது எந்தப் பக்கம் விழும் என்று ஓரளவுக்கு நாமே ஊகிக்கலாம்.

நம் தோலின் வெளி அடுக்கான மேல்தோல், உடலின் பெரும்பகுதியில் சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமே உள்ளது. கண்ணிமையில் அதிலும் பாதிதான். அந்த மேல்தோலின் உச்சியில் இருப்பவை உயிரற்ற செல்கள். கீழே பிறந்த செல்கள் மெல்ல மெல்ல மேலே நகர்ந்து, தட்டையாகி, இறந்து, உதிரக் காத்திருக்கும் படலம் அது. மேல்தோலில் இரத்தக் குழாய்கள் கிடையாது. அதற்கு அடியில் உள்ள உள்தோலில்தான் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் முடியின் வேர்களும் கொலாஜன் நார்களும் இருக்கின்றன. உள்தோலைத் தொட்டால் இரத்தம் வரும், தொற்றுக்கு வழி திறக்கும், தழும்பு விழ வாய்ப்பு உண்டாகும். எஸ்தெட்டிஷியனின் வேலை மேலே உள்ள உயிரற்ற படலத்தைச் சுற்றியது. உயிருள்ள திசுவை மாற்றும் எதுவும் மருத்துவத்தைச் சேர்ந்தது என்பதே பெரும்பாலான மாநிலங்கள் போட்டிருக்கும் கோடு.

இந்தக் கோட்டை மிகத் தெளிவாக எழுதி வைத்திருப்பது கலிபோர்னியா. அதன் காஸ்மெட்டாலஜி விதிகளில் 991ஆம் பிரிவு, முகத்திலோ உடலிலோ உயிருள்ள திசுவின் அமைப்பையோ செயல்பாட்டையோ பாதிக்கும் எந்தச் செயலையும் உரிமதாரர் செய்யக் கூடாது என்று தொடங்குகிறது. பிறகு எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறது: தசையைச் சுருங்க வைக்கும் மின்சாரம், உயிருள்ள திசுவைப் பாதிக்கும் பூச்சுகள், முடி நீக்கும் எலக்ட்ராலிசிஸ் ஊசி தவிர்த்த உலோக ஊசிகள் தோலுக்குள் புகுதல், உயிரற்ற அடுக்குக்குக் கீழே தேய்த்தல், சவர முனை கொண்ட கருவியால் தோலை நீக்குதல். இந்த ஒரு பிரிவை நிதானமாக வாசித்தால், இன்று விளம்பரங்களில் காணும் பாதிச் சேவைகளுக்கு விடை கிடைத்துவிடும். டெர்மாபிளேனிங்குக்கு அங்கே இடமில்லை என்பது கடைசி வரியிலிருந்து வருகிறது. நுண்ணூசிகளால் தோலைத் துளைக்கும் மைக்ரோநீட்லிங்குக்கு இடமில்லை என்பது ஊசி பற்றிய வரியிலிருந்து வருகிறது. முகத் தசையை இறுக்குவதாகச் சொல்லும் மின்கருவிகளுக்கு இடமில்லை என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. சேவைக்கு என்ன பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பதை விதி பார்ப்பதில்லை, அது திசுவுக்கு என்ன செய்கிறது என்பதையே பார்க்கிறது.

ஆழத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று நோக்கம். அழகுபடுத்துவது எஸ்தெட்டிஷியனின் வேலை. நோயைக் கண்டறிவதும் குணப்படுத்துவதும் அவருடைய வேலையல்ல. கரும்புள்ளிகளை மென்மையாக அழுத்தி எடுப்பது சேவைக்குள் வரும். முகம் சிவந்திருப்பதைப் பார்த்து ‘இது ரோசேசியா என்ற தோல் நோய், இந்த மருந்தைப் போடுங்கள்’ என்று சொல்வது வராது. கன்னத்தில் உள்ள மச்சம் நிறம் மாறியிருப்பதைக் கவனித்தால், ‘தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்று சொல்வதே முறை, அதற்கு ஒரு பெயர் வைப்பது முறையல்ல. டிரெட்டினாயின் போன்ற மருத்துவர் சீட்டுத் தேவைப்படும் களிம்புகளைத் தன் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் அவ்வாறே எல்லை மீறல்தான். மச்சத்தைக் கவனித்து அனுப்பி வைப்பதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். ஒருவருடைய முகத்தை மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியின் வழியே பார்க்கும் வாய்ப்பு இந்தத் தொழிலில் இருப்பவர்களைப் போல வெகு சிலருக்கே கிடைக்கிறது.

சேவைகளை எடுத்துப் பார்த்தால்

ஃபேஷியல், முகச் சுத்திகரிப்பு, மாஸ்க், மேக்கப், வேக்சிங், செயற்கை இமை ஒட்டுதல் ஆகியவற்றில் பெரிய சிக்கல் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் இவை முதல் நிலை உரிமத்துக்குள்ளேயே அடங்கும். கலிபோர்னியாவில் 2022 ஜனவரி முதல் இமை முடிக்கும் புருவத்துக்கும் சாயம் பூசுவதும் அவற்றைச் சுருட்டி நிமிர்த்துவதும் எஸ்தெட்டிஷியனின் வரையறைக்குள் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டன. கண்ணருகே பூசும் சாயத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்கு வரலாறு இருக்கிறது: 1930களில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச் சாயம் பெண்களின் கண்களைக் கடுமையாகப் பாதித்துப் பார்வையையே பறித்தது. அழகுசாதனப் பொருட்களைக் கூட்டாட்சி அரசின் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னணியில் இருந்த துயரங்களில் அதுவும் ஒன்று.

கெமிக்கல் பீலில்தான் கணக்கு நுட்பமாகிறது. கிளைகோலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் எந்த அடர்த்தியில், எவ்வளவு அமிலத்தன்மையுடன் பாதுகாப்பானவை என்று அமெரிக்காவின் அழகுசாதனப் பொருள் ஆய்வு நிபுணர் குழு 1997இல் ஒரு முடிவுக்கு வந்தது. வீட்டில் பயன்படுத்தும் பொருட்களுக்கு 10 சதவீதம் வரை, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 3.5க்குக் குறையாமல், பயிற்சி பெற்றவர் சலூனில் குறுகிய நேரம் பூசி நன்றாகக் கழுவிவிடும் பொருட்களுக்கு 30 சதவீதம் வரை, பி.எச். 3.0க்குக் குறையாமல் என்பது அந்த வரம்பு. இங்கே புதியவர்கள் தவறவிடுவது பி.எச். எண்ணைத்தான். பாட்டிலில் 30 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் துணிகிறார்கள். ஆனால் அதே 30 சதவீதக் கரைசல் பி.எச். 3இல் இருப்பதற்கும் அதைவிடக் கீழே இருப்பதற்கும் தோலில் பெரிய வேறுபாடு உண்டு, ஏனெனில் பி.எச். குறையக் குறைய தோலுக்குள் புகக்கூடிய, நடுநிலைப்படுத்தப்படாத அமிலத்தின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. பாட்டிலின் முன்பக்கத்தில் சதவீதம் பெரிய எழுத்தில் இருந்தால், பி.எச். எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

பீல்கள் விஷயத்தில் கலிபோர்னியாவின் 992ஆம் பிரிவு மேலும் ஒரு நல்ல கட்டுப்பாட்டை விதிக்கிறது. உற்பத்தியாளரின் குறிப்பே கேட்டுக்கொண்டால் ஒழிய, தோல் நீக்கும் இரண்டு பொருட்களை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்கிறது அது. ஒன்றில் சாலிசிலிக், இன்னொன்றில் கிளைகோலிக் என்று கையிருப்பில் உள்ளதை எடுத்துக் கலந்து ‘தனிப்பயன் பீல்’ என்று விற்கும் பழக்கத்துக்கு இது நேரடித் தடை. தனித்தனியே பாதுகாப்பான இரண்டு பொருட்கள் சேர்ந்து எவ்வளவு ஆழம் போகும் என்று பாட்டில்களில் எழுதியிருக்காது.

மைக்ரோநீட்லிங்கைப் பற்றி அடிக்கடி எழும் கேள்வி, ‘ஊசி மிகவும் சிறியதுதானே, அதற்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?’ என்பது. உயிரற்ற படலத்தைத் தாண்டி உயிருள்ள அடுக்குகளுக்குள் புகும்படி வடிவமைக்கப்பட்ட நுண்ணூசிக் கருவிகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. மருத்துவச் சாதனங்களாகவே கருதுகிறது. அத்தகைய கருவி ஒன்றுக்கு அது முதன்முதலாகச் சந்தை அனுமதி அளித்தது 2018இல்தான். ஊசியின் நீளம் மட்டும் இங்கே பிரச்சினை இல்லை. இரத்தம் வெளிப்படும் எந்தச் செயலும், முறையாகக் கிருமிநீக்கம் செய்யாத இடத்தில், ஒருவருடைய நோயை இன்னொருவருக்குக் கொண்டுசேர்க்கும் பாதையாக மாறிவிடும். இதற்கு வருத்தம் தரும் உதாரணம் நியூ மெக்சிகோவில் நடந்தது. அங்கே உரிமமில்லாத ஒரு ஸ்பாவில், வாடிக்கையாளரின் சொந்த இரத்தத்தைப் பிரித்தெடுத்து நுண்ணூசிகளால் முகத்தில் செலுத்தும் ‘வாம்பயர் ஃபேஷியல்’ செய்துகொண்டவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது 2018இல் தொடங்கிய விசாரணையில் தெரியவந்தது. அதன் முழு விவரத்தை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஏப்ரலில் வெளியிட்டது. அந்த இடத்தின் சமையலறை மேடையில் இரத்தம் நிரப்பிய, பெயர்ச்சீட்டு ஒட்டாத சோதனைக் குழாய்கள் தாங்கியில் நின்றன. குளிர்பெட்டியில் உணவோடு இரத்தம் நிரப்பிய குழாய்களும் ஊசி மருந்துகளும் இருந்தன. உறை பிரித்த சிரிஞ்சுகள் மேசை இழுப்பறைகளில் கிடந்தன. நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் இல்லை. யாருடைய குழாய் எது என்று சொல்ல வழியே இல்லாத அந்த மேடையை நினைத்துப் பார்த்தால், விதிப்புத்தகத்தில் ‘உலோக ஊசிகள்’ என்ற இரண்டு சொற்கள் ஏன் இருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

லேசரில் மாநிலங்களுக்கு இடையிலான வேறுபாடு மிக அதிகம். கலிபோர்னியாவில் காஸ்மெட்டாலஜி வாரியத்தின் உரிமம் பெற்றவர் மனித உடலில் லேசரைப் பயன்படுத்துவது குற்றம் என்று சட்டமே சொல்கிறது. டெக்சாஸில் லேசர் முடி நீக்கத்துக்கு எஸ்தெட்டிஷியன் உரிமத்தோடு தொடர்பில்லாத தனிச் சான்றிதழ் முறை இருக்கிறது. ஜார்ஜியாவில் மருத்துவ வாரியமே இரண்டு நிலைகளில் லேசர் சிகிச்சையாளர் உரிமம் வழங்குகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் 1,200 மணி நேரம் பயின்ற மாஸ்டர் எஸ்தெட்டிஷியனின் வரையறைக்குள் நடுத்தர ஆழப் பீல்களும் லேசர், ரேடியோ அலை, தீவிர ஒளித்துடிப்பு போன்ற மருத்துவச் சாதனங்களும் வருகின்றன. ஆனால் மருத்துவப் பணியாளரின் ஒப்படைப்பும் மேற்பார்வையும் பற்றிய மாநில விதிகளுக்கு அவர் கட்டுப்பட வேண்டும். வர்ஜீனியாவிலும் மாஸ்டர் எஸ்தெட்டிஷியன் என்றே பெயர், மொத்தம் அதே 1,200 மணி நேரம்; ஆனால் அங்கே வரையறையிலேயே ‘லேசர் தொழில்நுட்பம் இன்றி’ என்று எழுதப்பட்டிருக்கிறது. நிணநீர் மசாஜ், கெமிக்கல் பீல், மேல்தோலைக் கருவியால் தேய்த்தெடுக்கும் மைக்ரோடெர்மாபிரேஷன் ஆகிய மூன்றுதான் அந்த உயர்நிலை உரிமம் கூடுதலாகத் தருபவை.

வர்ஜீனியாவில் இன்னொரு நுட்பமும் உண்டு. அங்கே லேசர் முடி நீக்கத்தை மருத்துவரோ, மருத்துவ உதவியாளரோ, உயர்நிலைச் செவிலியரோ செய்யலாம். அல்லது அவர்களுடைய மேற்பார்வையில் முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர் செய்யலாம். அந்தப் பயிற்சி பெற்றவர் எஸ்தெட்டிஷியனாகவும் இருக்கக்கூடும். ஆனால் அப்போது அவர் தன் எஸ்தெட்டிஷியன் உரிமத்தின் பலத்தில் அதைச் செய்யவில்லை. மருத்துவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பின் கீழ் செய்கிறார். மருத்துவர் விலகினால் அந்த அனுமதியும் அன்றே போய்விடும். உரிமத்திலிருந்து வரும் அதிகாரம், ஒப்படைப்பிலிருந்து வரும் அதிகாரம் என்ற இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

ஊசி வழியாகச் செலுத்தும், சுருக்கம் குறைக்கும் போடாக்ஸையும் தோலை நிரப்பும் ஃபில்லரையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புருவங்களுக்கிடையேயான கோடுகளுக்குப் போடாக்ஸை எஃப்.டி.ஏ. 2002இல் அங்கீகரித்தபோதும் அது மருத்துவர் சீட்டுக்குட்பட்ட மருந்தாகவே இருந்தது, இன்றும் அப்படியே இருக்கிறது. எஸ்தெட்டிஷியன் உரிமத்தில் இதற்கு இடமே இல்லை.

‘மெடிக்கல் எஸ்தெட்டிஷியன்’ என்ற அடைமொழி

மருத்துவ ஸ்பாக்கள் பெருகியபின் ‘மெடிக்கல் எஸ்தெட்டிஷியன்’ என்ற பட்டம் விசிட்டிங் கார்டுகளில் சாதாரணமாகிவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் அப்படியொரு உரிம வகையே இல்லை. கலிபோர்னிய வாரியம் இதை வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. மருத்துவரின் கட்டடத்துக்குள் வேலை செய்வதால் ஒருவருடைய உரிமத்தின் எல்லை தானாக விரிவதில்லை. சலூனில் செய்யக் கூடாத ஒன்றைக் கிளினிக்கில் செய்வதற்கு மாநிலச் சட்டம் தனியே இடம் கொடுத்திருக்க வேண்டும். இல்லையேல் அறை வெள்ளையாக இருப்பதும் மேல்கோட்டு அணிந்திருப்பதும் எதையும் மாற்றாது. வேலை தேடும் புதியவர்களிடம் ‘டாக்டர் இருக்கிறார், பயப்படாமல் செய்யுங்கள்’ என்று சொல்லும் முதலாளிகள் உண்டு. அந்த டாக்டர் எழுத்து மூலமாக என்ன ஒப்படைத்திருக்கிறார், மேற்பார்வை என்பது அதே அறையிலா தொலைபேசியிலா, மாநில விதி அதை ஏற்கிறதா என்று கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. தவறு நடந்தால் பறிபோவது கேட்காமல் செய்தவருடைய உரிமம்.

கருவி விற்கும் நிறுவனங்கள் தரும் சான்றிதழ்களும் இதே வகையில் ஏமாற்றக் கூடியவை. இரண்டு நாள் வகுப்பின் முடிவில் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டும்படி அழகான தாளொன்றைத் தருவார்கள். அந்தக் கருவியை இயக்கத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. அதை இயக்க மாநிலம் அனுமதிக்கிறது என்பதற்கு அது சாட்சியாகாது. பயிற்சி எடுப்பதைக் குறை சொல்லவில்லை, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே வாரியத்தின் விதிகளைத் திறந்து பார்த்துவிட்டால் பல ஆயிரம் டாலர் மிச்சமாகும். எல்லை மீறிச் செய்த சேவையில் காயம் ஏற்பட்டால், தொழில் பொறுப்புக் காப்பீடும் பொதுவாகக் கைவிட்டுவிடும் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டுப்பாடு அளவுக்கு மீறினால்

இதுவரை சொன்னதைக் கொண்டு, விதி எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று முடிவு செய்துவிடக் கூடாது. டெக்சாஸில் பருத்தி நூலால் புருவம் திருத்தும் த்ரெடிங் செய்பவர்களும் 750 மணி நேரம் படித்து எஸ்தெட்டிஷியன் உரிமம் பெற வேண்டும் என்று மாநிலம் வற்புறுத்தியது. அவர்களில் சிலர் வழக்குத் தொடுத்தனர். படேல் வழக்கு என்று அறியப்படும் அதில், டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2015 ஜூனில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த 750 மணி நேரத்தில் ஏறக்குறைய 320 மணி நேரம் வரை அவர்கள் செய்யும் வேலைக்குத் தொடர்பே இல்லாதது என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டி, அப்படிப்பட்ட சுமை மாநிலத்தின் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. நூலைத் தவிர வேறெதுவும் தோலில் படாத, இரசாயனமும் வெப்பமும் இல்லாத ஒரு கலைக்கு, மேக்கப்பும் பீலும் மின்கருவிகளும் அடங்கிய பாடத்திட்டம் முழுவதையும் சுமத்துவது நியாயமில்லை. என் பார்வையில் இந்தத் தீர்ப்பு மேலே சொன்ன கோட்டைப் பலவீனப்படுத்தவில்லை. திசுவுக்கு என்ன நேர்கிறது என்பதை அளவுகோலாகக் கொண்டால் ஊசிக்கும் லேசருக்கும் கடுமை கூட வேண்டும், நூலுக்குக் குறைய வேண்டும். இரண்டும் ஒரே நியாயத்திலிருந்து வருபவை. த்ரெடிங்கிலும் கைகழுவுதலும் ஒருவருக்குப் பயன்படுத்திய நூலை இன்னொருவருக்குப் பயன்படுத்தாமையும் கற்றுக்கொள்ள வேண்டியவையே. அதற்கு 750 மணி நேரம் ஆகாது.

தன் மாநிலத்தில் எது சரி என்று கண்டறிவது

முதலில், தன் மாநில வாரியத்தின் இணையதளத்தில் சட்டத்தின் வரையறைப் பிரிவை எடுத்து, ‘எஸ்தெட்டிஷியன்’ என்ற சொல்லுக்கு எதிரே எழுதியுள்ள ஒவ்வொரு வினைச்சொல்லையும் வாசிக்க வேண்டும்: சுத்தம் செய்தல், மசாஜ், உரித்தல், முடி நீக்கல். தான் செய்ய விரும்பும் சேவை அதில் எந்த வினைக்குள் வருகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு விதிகளில் தடைப் பட்டியலைத் தேட வேண்டும். ஊசிமுனைக் கருவிகளையும் சவர முனைக் கருவிகளையும் பற்றிய வரிகள் பெரும்பாலும் சேவைகளின் பட்டியலில் இருக்காது, சுகாதார விதிகளின் நடுவே இருக்கும். எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் பருக்களையும் கட்டிகளையும் எடுக்கப் பயன்படும் ஊசி போன்ற கருவியைச் சலூனில் வைத்திருப்பதே தவறு. பயன்படுத்தினோமா இல்லையா என்ற கேள்விக்கே ஆய்வாளர் வர மாட்டார். இழுப்பறையைத் திறந்தவுடன் அபராதம்.

இரண்டிலும் விடை கிடைக்கவில்லை என்றால் வாரியத்துக்கு எழுதிக் கேட்கலாம். தொலைபேசியில் கேட்டால் பதில் சொன்னவர் யார் என்பதே பிறகு நினைவிருக்காது. மின்னஞ்சலில் கேட்டு, கிடைத்த பதிலைத் தேதியோடு வைத்துக்கொள்வது நல்லது. கேள்வியைச் சேவையின் விற்பனைப் பெயரால் கேட்கக் கூடாது. ‘இந்தக் கருவி எந்த அடுக்குவரை செல்கிறது, இரத்தம் வருமா, எஃப்.டி.ஏ. இதை மருத்துவச் சாதனமாக வகைப்படுத்தியிருக்கிறதா’ என்ற விவரங்களோடு கேட்டால்தான் பயனுள்ள பதில் வரும்.

மாநிலம் மாறுகிறவர்கள், பழைய மாநிலத்தின் உரிமத்தை அங்கீகரிக்கச் சொல்லிப் புதிய வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பயிற்சி மணி நேரம் குறைந்தால் மீதியைப் படிக்கவோ, தேர்வு எழுதவோ, அனுபவச் சான்று காட்டவோ கேட்பார்கள். உரிமம் கைக்கு வரும் வரை, பழைய ஊரில் பத்தாண்டு செய்த ஃபேஷியலைக்கூடப் பணம் வாங்கிக்கொண்டு செய்ய முடியாது. பல மாநிலங்கள் சேர்ந்து உருவாக்கியிருக்கும் காஸ்மெட்டாலஜி உரிம ஒப்பந்தம் காஸ்மெட்டாலஜிஸ்டுகளுக்கானது; எஸ்தெட்டிஷியன்கள் அதை நம்பி வீடு மாற வேண்டாம்.

வாடிக்கையாளர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கலிபோர்னியாவைப் போன்ற மாநிலங்களில் உரிமத்தை வேலை செய்யும் இடத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும். வாரியத்தின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ தட்டினால் அது நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். வேக்சிங் செய்பவர் ஒரு முறை தோலில் தடவிய குச்சியை மீண்டும் மெழுகுப் பாத்திரத்தில் விடுகிறாரா என்பதைக் கண்ணாலேயே கவனிக்கலாம். விட்டால் எழுந்துவிடலாம், அந்தப் பாத்திரத்தில் முந்தைய வாடிக்கையாளரின் தோலும் இருக்கக்கூடும். டிரெட்டினாயின், ஐசோட்ரெட்டினாயின் போன்ற மருந்துகளை எடுத்துக்கொள்பவர்கள் அதை வேக்சிங்குக்கும் பீலுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அந்த மருந்துகளால் மெலிந்த தோல் மெழுகோடு சேர்ந்து பிய்ந்து வரும். நல்ல எஸ்தெட்டிஷியன் இதைத் தானாகவே படிவத்தில் கேட்பார், பதில் ‘ஆம்’ என்றால் அன்றைய சேவையை மறுத்துத் திருப்பி அனுப்புவார்.